செம்பரம்பாக்கத்தில் ஒரு டச்சு வீடு

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை ஒட்டிய ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டிக்குள் திருவள்ளூர் மாவட்ட வருவாய்த்துறை அதிகாரிகள் போலீஸாருடன் நுழைந்தார்கள். படப்பிடிப்புகள் கூடாது என்ற உத்தரவு அமலில் இருக்க, உள்ளே மலையாள 'பிக் பாஸ்' மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. குழுவில் சிலருக்குத் தொற்றும் உறுதியாகியிருந்தது. தொண்ணூறு நாளுக்கு மேல் வெளியுலகைப் பார்க்காமல் அடைந்து கிடந்த போட்டியாளர்களை ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டுவதற்காகவே கட்டிய வீடு அது. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அதைப் பூட்டியது அரசாங்கம்.

வீடு இருந்தது திருவள்ளூர் மாவட்டத்தில். அதே வளாகத்தில்தான் தமிழ் பிக் பாஸும் எடுக்கப்படுகிறது. பேசியது மலையாளம், தொகுத்தவர் மோகன்லால். ஆனால் அந்த வீட்டின் வரைபடம் பிறந்தது நெதர்லாந்தில், அல்மேரெ என்ற ஊரில், 1999 செப்டம்பரில். பிக் பாஸின் மூலமான, ஜான் டி மோல் என்ற தயாரிப்பாளரின் 'பிக் பிரதர்' அங்கேதான் முதலில் ஒளிபரப்பானது. அவரும் யோப் வான் டென் எண்டே என்பவரும் 1994-ல் கம்பெனிகளை இணைத்தபோது, இருவர் பெயரின் வாலையும் ஒட்டி 'எண்டெமோல்' என்று வைத்தார்கள். செம்பரம்பாக்கத்தில் வீட்டை நடத்தியது அந்த எண்டெமோலின் இந்திய வாரிசு.

சென்ற அத்தியாயத்தில் டப்பிங் சீரியல்களின் காலத்தைப் பார்த்தோம். அதைப் படித்த எவருக்கும் ஒரு கேள்வி எழும். டச்சுக்காரரின் நிகழ்ச்சி அவ்வளவு நல்ல சரக்கென்றால், அதன் டேப்பை வாங்கித் தமிழில் குரல் கொடுத்து ஓட்டிவிட்டுப் போகலாமே? எதற்காக மறுபடி ஒரு வீடு, மறுபடி கேமரா, மறுபடி ஆட்கள்? வாங்கி ஓட்டினால் ஆகும் செலவு, எடுத்து ஓட்டும் செலவில் சிறு துளிகூட வராது. கணக்குப் பார்ப்பதில் கெட்டிக்காரர்களான சேனல் முதலாளிகள் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் கையை விரித்துச் செலவு செய்கிறார்கள்?

பதிலின் முதல் பாதி 'ஜுனூன் தமிழ்'.

1990-களின் நடுவில் தூர்தர்ஷனில் 'ஜுனூன்' என்ற இந்தி சீரியல் தமிழ்க் குரலோடு வந்தது. நடிகரின் வாய் எப்போது திறக்கிறதோ அப்போது தமிழ் தொடங்க வேண்டும், மூடும்போது முடிய வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும் என்பது குரல் கொடுத்தவர்களுக்குத் தெரியாததில்லை. உதட்டுக்கு ஒத்துவர வேண்டுமே என்று அதை முன்னால் இழுத்துப் போட்டார்கள். 'வருவேன் நான்... நாளைக்கு... உன்னைத் தேடி' என்ற பாணி. ஊரே சிரித்தது, ஊரே பார்க்கவும் செய்தது. கல்லூரி விடுதிகளிலும் கல்யாண வீடுகளிலும் ஜுனூன் தமிழ் பேசிக் காட்டுவது ஒரு விளையாட்டானது. சீரியல் மறந்துபோய்விட்டது, அந்தத் தமிழின் பெயர் மட்டும் நிற்கிறது. வினையை முன்னால் தள்ளி யாராவது பேசினால், நடு வயதுக்காரர்கள் இப்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

டப்பிங் என்றாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கன்னட 'ஹரிச்சந்திரா'வை ஏவி. மெய்யப்பச் செட்டியார் தமிழாக்கி 1944-ல் ஓடவிட்டார். 2007-ல் வந்த சுட்டி டிவியில் டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசி ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் நெருங்கிய சொந்தமானார்கள். டிஸ்கவரி தமிழில் காட்டுக்குள் பூச்சியைப் பிடித்துத் தின்னும் வெள்ளைக்காரர் தமிழில் பேசினால் யாருக்கும் உறுத்தவில்லை. புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் கொடுத்தபோது அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டமே சேர்ந்தது. கார்ட்டூனுக்கும் காட்டுக்கும் கொரியக் காதலுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. அவை வேறு உலகம் என்று தெரிந்தேதான் பார்க்கிறோம். அந்த அந்நியம்தான் ருசி.

பதிலின் மறுபாதி இது: வினாடி வினாவுக்கு அந்த ருசி உதவாது. லண்டன் ஸ்டுடியோவில் எவரோ ஒருவர் பத்து லட்சம் பவுண்டு ஜெயிப்பதைத் தமிழ்க் குரலில் கேட்டு நமக்கென்ன ஆகப்போகிறது? அந்த நாற்காலியில் நாளை நாமோ நம் பக்கத்து வீட்டுக்காரரோ உட்காரலாம் என்ற நினைப்புதான் அந்த நிகழ்ச்சியின் உயிர். கேள்வி நம் பாடப்புத்தகத்திலிருந்து, நம் சினிமாவிலிருந்து, நம் ஊர்க் கோயிலிலிருந்து வர வேண்டும். பதில் தெரிந்துவிட்டால் டிவியைப் பார்த்துக் கத்த வேண்டும். விளம்பரக்காரருக்கு வேண்டியதும் அந்தக் கத்தல்தான். கத்துகிறவர் இடைவேளையில் எழுந்து போகமாட்டார்.

காரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். திருவள்ளூரை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990-களின் இறுதியில் ஒரு தொழிற்சாலை திறந்து, ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனியோடு சேர்ந்து லான்சர் கார்களை உருவாக்கியது. பின்னாளில் பிரெஞ்சு சிட்ரோயனும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. முழுக் காரைக் கப்பலில் இறக்கினால் சுங்கவரி விலையை எங்கோ கொண்டுபோய்விடும். அதனால் வரைபடத்தையும் பாகங்களையும் வாங்கி இங்கே பூட்டுகிறார்கள். டிவி நிகழ்ச்சிக்கு அப்படிப்பட்ட சுங்கச்சாவடி கிடையாது. டேப் வருகிற வழியில் யாரும் மறிக்கமாட்டார்கள். மறிப்பது வரவேற்பறையில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. ரிமோட் அவர் கையில்.

இந்தியாவுக்கு இது புரிந்தது 2000 ஜூலை 3-ம் தேதி. 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்', அன்றிரவு 'கௌன் பனேகா கரோட்பதி' ஆகி ஸ்டார் பிளஸில் வந்தது. சினிமாவில் இறங்குமுகத்தில் இருந்த அமிதாப் பச்சனுக்கு மறுவாழ்வு, ஸ்டார் பிளஸுக்கோ புதுவாழ்வு. அதே ஆண்டில் சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். அதைப் பார்த்துவிட்டுப் பொதுஅறிவுப் புத்தகம் வாங்காதவர்கள் குறைவு. 2012-ல் விஜய் டிவி 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று சூர்யாவைக் கொண்டுவந்தது. பிறகு பிரகாஷ்ராஜ், பிறகு அரவிந்த்சாமி. 2019 இறுதியில் கலர்ஸ் தமிழ் அதையே பெண்களுக்கு மட்டும் என்று மாற்றி 'கோடீஸ்வரி' ஆக்கி, ராதிகாவிடம் கொடுத்தது. அதில் ஒரு கோடி ஜெயித்த மதுரைக் கௌசல்யா கார்த்திகா காது கேளாத, வாய் பேசாத பெண். கோடி ரூபாய்க் கேள்விக்கு அவர் பதில் சொன்னதை லண்டன் டேப்பில் எங்கே போய்த் தேடுவது?

சரி, யோசனைதானே வேண்டும், அதைச் சும்மா எடுத்துக்கொண்டால் என்ன? சட்டமும் அவ்வளவாகத் தடுக்கவில்லை. பிரிட்டனில் 'ஆப்பர்ச்சுனிட்டி நாக்ஸ்' என்ற திறமைப் போட்டியை நடத்திய ஹ்யூஹி கிரீன், அதே பெயரில், அதே வசனங்களோடு, கைதட்டலை அளக்கும் அதே மானியோடு நியூசிலாந்து ஒளிபரப்புக் கழகம் ஒரு நிகழ்ச்சி செய்துவிட்டது என்று வழக்குப் போட்டார். கேஸ் பிரிவி கவுன்சில் வரை போய், 1989-ல் அவர் தோற்றார். நிகழ்ச்சியின் பொதுவான பாணிக்குக் காப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியும் சேனல்கள் காசு கொடுத்தே வாங்குகின்றன. சும்மா எடுத்தவர்களின் கதி கண்ணெதிரே இருந்தது. கரோட்பதி பற்றிக்கொண்டதும் ஜீ டிவி அதே 2000-ல் 'சவால் தஸ் கரோட் கா' என்று இறங்கியது. அங்கே ஒரு கோடி என்றால் இங்கே பத்துக் கோடி. அனுபம் கெர், மனிஷா கொய்ராலா என்று இரண்டு நட்சத்திரங்கள். பரிசு பத்து மடங்கு, பார்வையாளரோ வரவில்லை.

ஜீ-யிடம் இல்லாதது ஒரு தடித்த கையேடு. தொழிலில் அதை 'பைபிள்' என்பார்கள். அரங்கில் விளக்கு எந்தக் கேள்வியில் எவ்வளவு மங்க வேண்டும், விடை சொன்னபின் தொகுப்பாளர் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், சுலபக் கேள்வியிலிருந்து கஷ்டக் கேள்விக்கு எந்தப் படியில் ஏற வேண்டும், போட்டியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்த நாட்டில் எது சொதப்பியது, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். கையேட்டோடு ஒரு ஆளும் வருவார். வேறு நாடுகளில் அதே நிகழ்ச்சியை நடத்திப் பார்த்தவர், படப்பிடிப்பின்போது பின்னால் நின்று கவனிப்பவர். நம் ஊர்ப் பந்தி நினைவுக்கு வருகிறது. சமையல் குறிப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு வடிக்கத் தெரிந்த தலைமைச் சமையற்காரரைத்தான் காசு கொடுத்துக் கூப்பிடுகிறோம். சேனல் வாங்குவது அந்தக் கைப்பக்குவத்தை, கூடவே கொஞ்சம் தூக்கத்தையும். பல நாட்டில் ஓடிய சரக்கு என்று விளம்பரதாரரிடம் சொல்ல முடியும். தோற்றால் மேலிடத்தில், ஹாலந்தில் ஓடியதே என்று சமாதானமும் சொல்லலாம். இந்த இரண்டாவது காரணத்தைத் தொழிலில் இருப்பவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள்.

தமிழில் இந்தக் கையேட்டு வியாபாரத்தை ஓங்கிச் செய்தது விஜய். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1993-ல் தமிழ்ப் புத்தாண்டு நாளில் தொடங்கிய சன் டிவி, 'சித்தி' வந்த 1999-க்குப் பிறகு இரவு நேரக் குடும்ப சீரியல்களைத் தன் கோட்டையாக்கிக்கொண்டது. விஜய் டிவியோ 1994-ல் ஜி.இ.சி. என்ற பெயரில் பிறந்து, கைமாறி, கைமாறி, 2001-ல் ஸ்டார் குழுமத்திடம் போனது. கோட்டையை முட்டி உடைக்க முடியாதவன் சுற்றிப் போவான். பாட்டுப் போட்டி, நடனப் போட்டி, பேச்சு அரங்கம், நகைச்சுவைப் போட்டி என்று சீரியல் அல்லாத வழிகளில் விஜய் வளர்ந்தது. சன் டிவியும் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இல்லை. ரிஷி நடத்திய 'டீலா நோ டீலா'வும் பூர்வீகத்தில் எண்டெமோல் சரக்குதான்.

இப்போது பழவேற்காட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். பக்கத்தில்தான், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடலோரத்தில். டச்சுக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டம் புதிதில்லை. 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு அதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். இங்கே அவர்கள் வாங்கிய முக்கியச் சரக்கு துணி. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க முடிந்தது. ஹாலந்தில் நெய்த துணியை அந்தத் தீவுக்காரர்கள் சீண்டவில்லை. ஆகவே எந்தத் தீவில் எந்தக் கட்டம், எந்தக் கரை, எந்தச் சாயம் போகும் என்று மாதிரித் துண்டுகளை எடுத்துவந்து, இங்குள்ள நெசவாளர்களிடம் கொடுத்து அதேபோல் நெய்யச் சொன்னார்கள். கட்டம் போட்ட கைலியை மலாய் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடு. மாதிரி ஓரிடம், கை ஓரிடம், உடுத்துகிற இடுப்பு இன்னோரிடம் என்ற வியாபாரத்தில் டச்சுக்காரருக்கு நானூறு வருஷப் பழக்கம். கம்பெனி வேறு, காலம் வேறு. புத்தியின் போக்கில் எனக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

2017 ஜூன் 25 அன்று தமிழ் பிக் பாஸ் தொடங்கியது. இந்தியில் அது 2006-லேயே வந்து வேரூன்றிவிட்டது. இந்திப் பதிப்பை டப் செய்யும் எண்ணம் எவருக்காவது வந்திருந்தால், ஜுனூன் காலத்து மனிதர் யாராவது தடுத்திருப்பார். தொகுப்பாளர் கமல்ஹாசன். விஜய் எடுத்த முடிவுகளில் ஆகப் பெரியது அதுதான் என்பேன். மூலத்தில் பேர் தெரியாத சாதாரண ஆட்களை அடைத்து வைத்தார்கள். இங்கே சினிமாவில் முகம் தெரிந்தவர்கள் வேண்டும், இல்லாவிட்டால் பாட்டி ரிமோட்டை அழுத்திவிடுவார். அதோடு, அந்த ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கோஷம் போட்டுப் பேர் வாங்கிய ஜூலியும் உள்ளே வந்தார். ஆறு மாதத்துக்கு முந்தைய தமிழ்நாட்டுத் தெருவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். டச்சுக் கையேட்டில் இந்தப் பக்கத்தை யார் எழுதியிருக்க முடியும்?

கையேட்டின்படி நின்றவை பல. சுவரெல்லாம் கேமரா, முகம் காட்டாத குரல், வாராவாரம் நாமினேஷன், எவிக்‌ஷன், கன்ஃபெஷன் ரூம். கத்தோலிக்கக் கோயிலின் பாவசங்கீர்த்தன அறையிலிருந்து கிளம்பிய யோசனை, செம்பரம்பாக்கத்தில் சக போட்டியாளரைப் போட்டுக்கொடுக்கும் அறையானது. மேலே கட்டிய மாடி மட்டும் நம்முடையது. வார இறுதியில் கமல் 'அகம் டிவி' வழியே வீட்டுக்குள் பேசினார். சொன்னதைச் சொல்லவில்லை என்று யாராவது சாதித்தால் 'குறும்படம்' போட்டுக் காட்டினார். அந்தச் சொல் இன்றும் வீடுகளில் புழங்குகிறது. 'நான் எங்கே அப்படிச் சொன்னேன்?' என்று மாமியார் கேட்டால், 'குறும்படம் போடட்டுமா அத்தை?' என்று மருமகள் கேட்கும் அளவுக்கு. போட்டியாளர் ஓவியாவுக்கு ரசிகர் 'ஆர்மி' கிளம்பியது. கூகுளில் தேடியும் மிஸ்டு கால் கொடுத்தும் வாக்குப் போட்டார்கள். டப் செய்த டேப்பில் நடக்கவே முடியாத காரியம் அது. முடிவு எப்போதோ தீர்ந்துபோன ஆட்டத்துக்கு யார் வாக்குப் போடுவார்கள்?

மூன்றாவது சீசனில், 2019-ல், விஜய் இன்னும் ஒரு கணக்குப் போட்டது. இலங்கையிலிருந்து லாஸ்லியா, தர்ஷன், மலேசியாவிலிருந்து முகேன். ஜெயித்தவர் முகேன். கும்மிடிப்பூண்டியிலேயே பெரிய இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தவர்களுக்கு லாஸ்லியாவின் தமிழ் வீட்டில் கேட்ட தமிழ். டொரண்டோவிலும் கோலாலம்பூரிலும் இருந்தவர்களுக்கும் அப்படியே. ஊருக்கு ஏற்ற மாதிரி கட்டம் மாற்றும் பழவேற்காட்டு வித்தையேதான்.

வேலை யாருக்கு என்ற கேள்வியும் இந்தக் கதையில் சேர்ந்தே வரும். மேற்கு வங்கத்தில் இந்தி மகாபாரதத்தை வங்காளத்தில் டப் செய்து ஒளிபரப்பியபோது அங்குள்ள கலைஞர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து தடுத்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2017 மார்ச்சில் தீர்ப்பு தடுத்தவர்களுக்கு எதிராக வந்தது. கர்நாடகத்தில் டப்பிங்குக்குப் பல பத்தாண்டுகள் எழுதாத தடை இருந்தது. தமிழ்நாட்டுச் சின்னத்திரைக் கலைஞர்களும் டப்பிங் சீரியல்களை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களே. மறுபடி எடுத்தால் உள்ளூரில் தச்சருக்கும் லைட்மேனுக்கும் மேக்கப்காரருக்கும் வேலை உண்டு என்பது பலமான வாதம். அதிலும் ஒரு முள் இருந்தது. 2018-ல் இரண்டாவது சீசன் நேரத்தில், பிக் பாஸ் அரங்கில் மும்பை ஆட்களே அதிகம், நம் ஆட்களுக்கு இடமில்லை என்று திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி போர்க்கொடி தூக்கியது. வீடு இங்கே என்பதால் மட்டும் கூலி இங்கே தங்கிவிடாது.

எல்லா மறுஆக்கமும் ஜெயித்ததாக நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் 1997-ல் பிறந்த தீவுப் போட்டியை, 2021-ல் ஜீ தமிழ் 'சர்வைவர்' என்று அர்ஜுனை வைத்து சான்சிபாரில் எடுத்தது. அங்கே கடலும் மணலும்கூட வெளிநாடுதான், மனிதர்கள் மட்டும் நம்மவர்கள். ஒரு சீசனோடு நின்றது. அதே ஆண்டு சன் டிவி 'மாஸ்டர்செஃப்'பை விஜய் சேதுபதியோடு இறக்கியது. பிபிசியில் 1990-ல் தொடங்கிப் பல நாடு சுற்றிய பலமான சரக்கு. ஆனால் அதற்குள் விஜயில் 'குக்கு வித் கோமாளி' வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. சமையல் தெரிந்தவரோடு சமையல் தெரியாத ஒரு கோமாளியைச் சேர்த்துவிட்டு, வெங்காயம் எது என்று தேடவிட்ட நிகழ்ச்சி. தட்டில் சாஸால் கோடு போடுவதை ரசிக்க நம்மவர்களைப் பழக்குவதற்குள், கோமாளிகளில் ஒருவரான புகழ் வந்து கரண்டியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். என் ஓட்டு கோமாளிக்கே. அந்த யோசனை கர்நாடகம் போய் 'குக் வித் கிரிக்கு' ஆனது. அங்கே தமிழ் டேப்பை டப் செய்யவில்லை. கன்னடக் கோமாளிகளைத் தேடினார்கள்.

சென்ற ஆண்டு இந்தத் தொடருக்காகப் பழவேற்காடு போய்த் திரும்பும் வழியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஓரம் ஒரு டீக்கடையில் நின்றேன். ராத்திரி ஷிப்டுக்குப் போகும் நேரம். சுவர் டிவியில் தமிழ் பிக் பாஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பீகார்ப் பையன் கைப்பேசியில் இந்தி பிக் பாஸ். இரண்டிலும் யாரோ யாரையோ நாமினேட் செய்துகொண்டிருந்தார்கள். இதில் எது முதலில் வந்தது என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"சல்மான் பாய்தான் அண்ணா. இவுங்க பாத்து எடுத்தது" என்றான் பையன்.

கடைக்கார அக்கா டம்ளரைக் கழுவியபடியே திரும்பினார். "இன்னா சார் நீங்க, அவன் சொல்றான்னு கேக்குறீங்க. கமல் சார் போட்டாரு, அத்தப் பாத்துதான் அவங்க எடுத்தாங்க. வீடே நம்ம பூந்தமல்லி தாண்டிதான சார் கீது."